ஆய்வு முடிந்த மறுநாள்

நெறிமுறைக் குழுக்களின் பொது உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



மருத்துவக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எத்திக்ஸ் கமிட்டி கூடும் நாளில் மேசையைச் சுற்றி மருத்துவர்கள், மருந்தியல் பேராசிரியர், ஒரு வழக்கறிஞர், ஒரு சமூகவியலாளர் என்று அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஓய்வுபெற்ற தலைமையாசிரியராகவோ, வங்கியில் வேலை பார்த்தவராகவோ, ஊர்ப் பொதுக்காரியங்களில் தலையிடுகிறவராகவோ நீங்கள் ஒருவர் இருப்பீர்கள். கடந்த 5 ஆண்டுகளில் மருத்துவம் சார்ந்த தொழில் எதிலும் இல்லாதவர், உள்ளூர் மொழியும் வழக்கமும் தெரிந்தவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் உங்களிடம் எதிர்பார்க்கும் தகுதி ஏறக்குறைய இவ்வளவுதான். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 5 பேர் வேண்டும். அந்த ஐவரில் நீங்களும் இருப்பது விரும்பத்தக்கது என்றும் அது சொல்கிறது. விலங்குகள் மீதான சோதனைகளைப் பரிசீலிக்கும் குழுவிலும் இப்படி ஒரு நாற்காலி உண்டு. அறிவியல் துறை சாராத, சமூக அக்கறையுள்ள ஒருவர் அதில் உட்கார வேண்டும் என்பது விதி.

நடைமுறை வேறு மாதிரி. தடித்த கோப்பு ஆங்கிலத்தில் வரும். தமிழ் ஒப்புதல் படிவத்தை மட்டும் உங்கள் பக்கம் தள்ளி, "சார், இதில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். நீங்களும் ஒற்று விட்டுப்போன இடங்களைத் திருத்திக் கொடுப்பீர்கள். தேநீர் வரும். கையெழுத்து ஆகும். புள்ளியியல் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் வேறென்ன கேட்டுவிட முடியும் என்ற தயக்கம் உங்களுக்கும் இருக்கும். மற்றவர்களுக்கும் அதுவே வசதி.

கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஆய்வு முடிந்த மறுநாள் இந்த மனிதர், இந்தக் குழந்தை, இந்த எலி எந்த நிலையில் இருக்கும்? அந்த மறுநாளுக்கு யார் பொறுப்பு? உளவியலின் வரலாற்றில் பெயர் கெட்டுப்போன ஆய்வுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஆய்வை எப்படித் தொடங்குவது என்பதற்கு மிகுந்த மூளை செலவாகியிருக்கிறது. முடிப்பது பற்றி அந்த அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் செய்ததைப் பாடப்புத்தகங்கள் 'குட்டி ஆல்பர்ட்' என்ற பெயரில் சொல்லும். 1920இல் அச்சானது. 11 மாதக் குழந்தை. முன்னால் ஒரு வெள்ளை எலியை விடுவார்கள். குழந்தை ஆசையாகக் கையை நீட்டும் நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். சில தடவைகளுக்குப் பிறகு கம்பியே வேண்டியிருக்கவில்லை. எலியைக் கண்டாலே அழுகை. முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது. பயத்தைக் கற்பிக்கலாம் என்று நிரூபித்தாயிற்று.

பயத்தை நீக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, குழந்தையை மருத்துவமனையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கட்டுரையில் வருத்தப்படுகிறார்கள். குழந்தை எந்த நாளில் கிளம்பும் என்பது அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும் என்பதைப் பிற்காலத்தில் பென் ஹாரிஸ் என்ற உளவியல் வரலாற்றாளர் எடுத்துக்காட்டினார். வருத்தப்பட்ட அதே கட்டுரையில், 20 வருடம் கழித்து இந்த ஆள் ரோமக் கோட்டுக்குப் பயப்படும்போது ஃபிராய்டின் சீடர்கள் அதற்கு என்ன விளக்கம் சொல்வார்களோ என்று ஒரு கிண்டல் வேறு. அந்தக் குழந்தை யார் என்பதில் இன்றும் ஆய்வாளர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி சுட்டும் குழந்தை 6 வயதில் இறந்துவிட்டது. இன்னொரு கட்சி சுட்டுபவர் 2007 வரை வாழ்ந்தார். இருவரில் யாரானாலும், அவரிடம் யாரும் திரும்பிப் போய் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை.

பயத்தை எடுக்கவே முடியாது என்பதும் இல்லை. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற சிறுவனின் முயல் பயத்தைத் தீர்த்தே காட்டினார். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பொறுமைதான் தேவைப்பட்டது.

அடுத்தது அயோவா. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவருமில்லை.

வென்டல் ஜான்சன் அயோவா பல்கலைக்கழகத்தில் திக்குவாய் பற்றி ஆராய்ந்தவர். அவருக்கே திக்குவாய் உண்டு. குழந்தை சாதாரணமாகத் தடுமாறுவதைப் பெற்றோர் "திக்குகிறது" என்று பெயர் சூட்டிக் கவலைப்படத் தொடங்குவதாலேயே திக்குவாய் உண்டாகிறது என்பது அவருடைய கருத்து. அதைச் சோதிக்க 1939இல் மேரி டியூடர் என்ற முதுகலை மாணவியை டேவன்போர்ட் நகரில் இருந்த அநாதை இல்லத்துக்கு அனுப்பினார். 22 குழந்தைகள். அவர்களில் நன்றாகவே பேசிக்கொண்டிருந்த 6 பேரை ஒரு பிரிவாக வைத்தார்கள். அந்த ஆறு பேரிடம் டியூடர், உன் பேச்சில் கோளாறு இருக்கிறது, திக்க ஆரம்பித்துவிட்டாய், சரியாகச் சொல்ல முடியும் என்றால் மட்டும் வாயைத் திற என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார். குழந்தைகளுக்கோ அவர்களுடைய ஆசிரியர்களுக்கோ உண்மை தெரியாது. பேச்சுப் பயிற்சி நடப்பதாகத்தான் நினைத்தார்கள்.

ஏன் அநாதை இல்லம் என்று கேட்கத் தேவையில்லை. வாசலில் வந்து நின்று சண்டை போட அங்கே தாய் தகப்பன் கிடையாது.

குழந்தைகள் பேச்சைக் குறைத்தார்கள். வகுப்பில் கூச்சப்பட்டார்கள். சிலர் பாடத்தில் பின்தங்கினார்கள். ஆய்வு முடிந்தது, டியூடருக்குப் பட்டம் கிடைத்தது. பிறகு அவர் செய்ததுதான் இந்த மடலுக்கு முக்கியம். மனசு கேட்காமல் அவர் அந்த இல்லத்துக்குத் தானாகவே மூன்று முறை திரும்பிப் போனார். உங்கள் பேச்சில் குறையே இல்லை என்று அந்தக் குழந்தைகளிடம் சொல்லிப் பார்த்தார். ஏற்கெனவே சொன்னது ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதை ஜான்சனுக்குக் கடிதத்திலும் எழுதினார். அவரை அப்படித் திரும்பிப் போகும்படி யாரும் சொல்லவில்லை. அதற்கு ஒரு திட்டமோ பணமோ பயிற்சி பெற்ற ஆளோ இல்லை. சரிசெய்யும் வேலை முழுவதும் இருபதுகளில் இருந்த ஒரு மாணவியின் மனச்சாட்சி மேல் விழுந்தது.

ஜான்சன் அதை அச்சிடவில்லை. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்தது. சக ஆய்வாளர்கள் தங்களுக்குள் அதை 'அரக்க ஆய்வு' என்று சொல்லிக்கொண்டார்கள். 2001இல் சான் ஹோசே மெர்க்குரி நியூஸ் என்ற நாளேடு வெளியே கொண்டுவந்த பிறகுதான், அதற்குள் கிழவர்களாகிவிட்டிருந்த அந்தக் குழந்தைகளுக்கே விஷயம் தெரிந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் ஆறு பேர் சார்பில் நடந்த வழக்கில் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவர்களில் சிலர் அப்போது உயிருடன் இல்லை. பழைய பதிவுகளை மறுபடி பார்த்த பேச்சு நிபுணர்கள், அந்த ஆய்வினால் யாரும் திக்குவாயர் ஆனதற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதினார்கள். ஜான்சனின் கருத்துக்கே அது பலம் சேர்க்கவில்லை. ஆக, குழந்தைகளுக்குப் போனதும் வீண், அறிவியலுக்கு வந்ததும் ஒன்றுமில்லை.

ஸ்டான்லி மில்கிராமின் ஆய்வு உங்களில் பலரும் கேள்விப்பட்டதுதான். 1961 ஆகஸ்டில் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நினைவாற்றல் ஆய்வு, நாலு டாலர் சம்பளம், 50 சென்ட் வண்டிச் செலவு என்று விளம்பரம் பார்த்து ஆட்கள் வந்தார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் விடையைத் தப்பாகச் சொன்னால் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். 15 வோல்ட் தொடங்கி 450 வோல்ட் வரை 30 பொத்தான்கள். அந்த ஆள் நடிகர், மின்சாரம் பொய். சாம்பல்நிற ஆய்வகக் கோட்டில் நின்றவர் "தொடருங்கள்" என்றதும், பெரிதும் பேசப்படும் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசிப் பொத்தான் வரை போனார்கள். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் அதற்கு அடுத்தது. எல்லோருக்கும் உண்மையைச் சொல்லி, நடிகரோடு கைகுலுக்க வைத்து, மன அமைதியோடு அனுப்பினோம் என்ற தோற்றம் மில்கிராமின் கட்டுரைகளில் கிடைக்கிறது. ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜினா பெர்ரி யேல் ஆவணங்களைத் தோண்டியும், பங்கேற்றவர்களைத் தேடிப்பிடித்தும் கண்டது வேறு. பலரிடம், நீங்கள் நினைத்த அளவுக்கு அந்த ஷாக் கடுமையானது இல்லை என்பதுபோல ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது முழுப் பொய் என்ற செய்தி 1962இல் தபாலில் வந்த அறிக்கையைப் படித்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சிலருக்கு இடையில் ஏறக்குறைய ஒரு வருடம். நியூ ஹேவன் பெரிய ஊர் இல்லை. ஒருவர், தான் ஷாக் கொடுத்த ஆள் செத்துப்போயிருப்பாரோ என்று உள்ளூர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளைக் குறைந்தது இரண்டு வாரம் தேடிப் பார்த்திருக்கிறார்.

1964இல் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் கண்டித்து எழுதியபோது மில்கிராம் காட்டிய விடை: பங்கேற்றவர்களிடம் கேட்டோம், 84 சதவீதம் பேர் இதில் கலந்துகொண்டது மகிழ்ச்சி என்கிறார்கள், வருந்தியவர்கள் 1.3 சதவீதம். உங்கள் மேசைக்கும் இப்படிச் சதவீதங்கள் வரும். சராசரி மனிதர் நன்றாக இருந்தார் என்பது அந்த மரண அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டியவருக்கு எந்த விதத்திலும் பதில் ஆகாது.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்குத் தகுதிக்கு மீறிய புகழ் கிடைத்தாகிவிட்டது. மாணவர்களுக்குக் காவலர், கைதி வேடம் கொடுத்து 1971 ஆகஸ்டில் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது 6 நாளில் நின்றது. காவலர் வேடம் போட்டவர்களுக்குக் கடுமையாக நடக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதும் பிறகு வெளிப்பட்டதால் அதன் முடிவுகளையே நம்புவதற்கில்லை. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அந்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி இருந்தது. ஐம்பது பேர் போல வெளியாட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று ஆய்வை நடத்திய பிலிப் ஜிம்பார்டோ பின்னாளில் எழுதினார். இது தப்பு என்று சத்தம் போட்டவர், அப்போதுதான் ஆய்வுப் பட்டம் முடித்திருந்த கிறிஸ்டினா மஸ்லாக் ஒருவர். ஜிம்பார்டோவின் காதலி என்பதால் அவருடைய சத்தம் காதில் விழுந்தது என்றும் சொல்லலாம். முத்திரை குத்திய குழுவிடமிருந்து அந்தச் சத்தம் வரவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். 2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேருக்கு அவர்கள் பக்கத்தில் தெரியும் பதிவுகளைச் சலித்துக் காட்டியது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகள் குறைந்தன, சிலருக்குச் சோகமானவை குறைந்தன. அவர்களே பிறகு எப்படி எழுதுகிறார்கள் என்று எண்ணினார்கள். 2014இல் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்தது; அடுத்த மாதமே அந்த இதழ், ஒப்புதல் பெற்ற முறை பற்றிக் கவலை தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டது. தரவைத் தங்கள் ஆட்கள் நேரடியாகத் தொடவில்லை, எனவே எங்கள் குழு பார்க்கத் தேவையில்லை என்று கார்னெல் பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. விளைவு மிகச் சிறியதுதான். ஆனாலும் அந்த ஏழு லட்சம் பேரில், அந்த வாரம் தான் சோதனையில் இருந்தேன் என்று எவருக்கும் தனியாகத் தெரிவிக்கவில்லை. மறுநாளே இல்லாத ஆய்வு அது.

இனி விலங்குகள்.

விஸ்கான்சினில் உளவியலாளர் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கம்பித் தாய், துணித் தாய் என்று இரண்டு பொம்மைகளோடு வைத்ததை 1958இல் அறிவித்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டி துணித் தாயைக் கட்டிக்கொண்டே கிடந்தது. அன்பை அறிவியல் பேசத் தொடங்கியது அங்கேதான் என்று புகழ்வார்கள், அதில் உண்மையும் உண்டு. அதே ஆய்வகம் பிறகு குட்டிகளை 3 மாதம், 6 மாதம், 12 மாதம் முழுத் தனிமையில் அடைத்தது. வெளியே வந்தவை தங்களையே கடித்துக்கொண்டு மூலையில் ஆடிக்கொண்டிருந்தன. தனிமையில் வளர்ந்த பெண் குரங்குகளை வலுக்கட்டாயமாகக் கருத்தரிக்க வைத்தார்கள். அவற்றில் சில தாம் பெற்ற குட்டிகளைக் கொன்றன. தாயைப் பிரிந்த குட்டிக்குக் கேடு வரும் என்று முதல் சோதனையிலேயே தெரிந்த பிறகு அடுத்தடுத்த சோதனைகள் எதற்கு என்ற கேள்வி ஹார்லோவின் மாணவரான ஜான் குளக்கையே பின்னாளில் வாட்டியது. அவர் குரங்கு ஆய்வை விட்டு நெறிமுறைப் பக்கம் வந்தவர். ஒரு நல்ல விஷயமும் அந்த ஆய்வகத்தில் நடந்தது. 6 மாதம் தனிமையில் இருந்தவற்றோடு 3 மாதக் குட்டிகளைச் சேர்த்துவிட்டார்கள். குட்டிகள் போய்த் தொற்றிக்கொள்ள, பெரியவை மெல்லத் தேறின. இதை 1971இல் ஹார்லோவும் ஸ்டீபன் சுவோமியும் வெளியிட்டார்கள். சேதத்தைச் சரிசெய்வதும் அறிவியலாக இருக்க முடியும் என்பதற்கு அதே ஆய்வகம் சாட்சி.

சில்வர் ஸ்பிரிங் குரங்குகளின் கதை இன்னும் சிக்கலானது. மேரிலாந்தில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர், குரங்குகளின் கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளைத் துண்டித்து, உணர்வில்லாத கையை மறுபடி பயன்படுத்தப் பழக்க முடியுமா என்று ஆராய்ந்தார். 1981இல் அலெக்ஸ் பச்சேக்கோ என்ற கல்லூரி மாணவர் தன்னார்வ உதவியாளராகச் சேர்ந்தார். அவர் நோக்கமே வேறு. இரவில் படம் எடுத்தார். அழுக்கேறிய கூண்டுகள், உணர்வில்லாத தங்கள் விரல்களைத் தாங்களே கடித்துத் துண்டாக்கியிருந்த குரங்குகள். செப்டம்பரில் போலீஸ் புகுந்து 17 குரங்குகளை எடுத்துச் சென்றது. டாப் மீது சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்று மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. ஆனால் அந்தப் படங்களின் அதிர்ச்சி 1985இல் அமெரிக்கச் சட்டத்தை மாற்ற வைத்தது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் விலங்குக் குழு வேண்டும், அதில் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆனது. உங்கள் நாற்காலிக்கு அமெரிக்காவில் ஒரு அண்ணன் பிறந்த கதை அது.

குரங்குகளை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கு பத்தாண்டு இழுத்தது. மிச்சமிருந்தவற்றில் சிலவற்றுக்கு, உயிரை முடிப்பதற்கு முன் மயக்க நிலையில் மூளையைப் பரிசோதித்தார்கள். கையின் செய்தியை வாங்க வேண்டிய மூளைப் பகுதி, முகத்தைத் தொட்டால் வேலை செய்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் இடம் மாறியிருந்தது. வளர்ந்த மூளை இவ்வளவு மாறும் என்று அதுவரை யாரும் எண்ணியதில்லை. 1991இல் வெளியான இந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்த வி.எஸ்.ராமச்சந்திரன். கையை இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். டாப்பின் ஆய்விலிருந்தே பக்கவாத நோயாளிகளுக்கு, நல்ல கையைக் கட்டிவைத்து வராத கையைப் பழக்கும் சிகிச்சையும் வந்தது.

ஆகவே, விலங்கு ஆய்வால் மனிதருக்குப் பயனே இல்லை என்று இந்த மடல் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கூட்டத்தில் ஒரே நிமிடத்தில் உங்களை மடக்கிவிடுவார்கள். பயன் வந்தது. கடித்த விரல்களுக்குக் கட்டுப் போட ஆள் இல்லாமல் இருந்ததற்கும் அந்தப் பயனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒழுங்காகக் கவனித்திருந்தாலும் அதே பயன் வந்திருக்கும்.

இந்தியச் சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. நாட்டியத்துக்காகக் கலாக்ஷேத்திராவை நிறுவியவர்தான், 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும். சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அந்தச் சட்டமே அடிப்படை. விதிகளில் பின்னர் சேர்ந்த ஒரு கூறு பல நாடுகளில் இல்லாதது: சோதனைக்குப் பிந்தைய பராமரிப்பும் மறுவாழ்வும் ஆய்வாளரின் பொறுப்பு, அதற்கான செலவை ஆய்வுச் செலவிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். மறுநாளுக்கு என்று பட்ஜெட்டில் ஒரு வரி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கோப்பில் அந்த வரியைத் தேடுங்கள்.

உங்கள் முன் குரங்கு வருவது அரிது. வருவது எலியும் சுண்டெலியும். மனச்சோர்வுக்கு மருந்து தேடும் ஆய்வுகளில் 'கட்டாய நீச்சல் சோதனை' அடிக்கடி வரும். கண்ணாடி உருளையில் கால் எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர். அதில் எலியை விடுவார்கள். முதலில் சுவரைப் பிறாண்டி நீந்தும். பிறகு மூக்கு மட்டும் மேலே தெரிய அசையாமல் மிதக்கும். அசையாமல் இருந்த விநாடிகளைக் கடிகாரத்தோடு எண்ணுவார்கள். மருந்து வேலை செய்தால் அந்த விநாடிகள் குறையும் என்பது கணக்கு. தண்ணீர் எத்தனை டிகிரி? மூழ்கத் தொடங்கினால் எந்த நொடியில் எடுப்பீர்கள்? எடுத்தபின் துடைத்துச் சூடு காட்டுவது யார்? போன வருடம் பக்கத்துத் துறையில் இதே சோதனை நடந்ததே, இன்னும் 48 எலிகள் எதற்கு? இதைக் கேட்க மருந்தியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மனிதருக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் நிவாரணத்தோடு கேள்வித்தாள்களும் வந்திறங்கின. உயிர் பிழைத்தவர்களிடம் தரவு சேகரிப்பதில் உள்ள நெறிமுறைச் சிக்கல்கள் குறித்து இலங்கை மருத்துவர்கள் அதுல சுமதிபாலவும் சிசிர சிரிபத்தனவும் 2005இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவரிடம் அந்தக் காலையை விவரிக்கச் சொல்லி, மதிப்பெண் போட்டு, தாளை மடித்துக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போவது எளிது. அன்று இரவு அவர் தூங்கினாரா என்பது எந்தக் கட்டத்திலும் நிரப்பப்படுவதில்லை.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை வெறுமனே பேட்டி காண்பதற்குக்கூட அவருடைய சுதந்திரமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புக்கொண்டவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். "கேள்விகள்தானே கேட்கிறோம், ஊசியா போடுகிறோம்?" என்று யாராவது சொன்னால், 99ஆம் பிரிவைப் படித்துக் காட்டலாம்.

இன்று உங்களிடம் அதிகம் வரப்போவது ஊசியும் இல்லை, கூண்டும் இல்லை, கூகுள் படிவம். கல்லூரி விடுதி மாணவர்களிடையே மனச்சோர்வு என்பது போன்ற தலைப்பில் முதுகலை மாணவர் ஒருவர் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவார். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது என்பது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் 'ஏறக்குறைய தினமும்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டுச் சமர்ப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 'உங்கள் பதிலுக்கு நன்றி' என்று வரும். தரவை மூன்று மாதம் கழித்துத் திறப்பார்கள். பெயர் கேட்கவில்லை, ரகசியம் காத்தோம் என்று ஒப்புதல் படிவத்தில் பெருமையாக இருக்கும். அதனாலேயே அவளைத் தேடிப்போகவும் வழியில்லை.

இதற்குத் தீர்வு இருக்கிறது, செலவும் குறைவு. அந்த ஒன்பதாவது கேள்வியை எடுத்துவிட்ட பிஎச்க்யூ-8 என்ற வடிவம் ஆய்வுகளில் புழக்கத்தில் உள்ளது. தற்கொலை எண்ணம்தான் ஆய்வின் பொருள் என்றால், பதில்களை அன்றன்றே பார்க்கும் ஆள், விடுதிக்கு அருகில் அழைத்துப் பேசக்கூடிய ஆலோசகர், அவர் பெயர், அவர் நேரம் ஆகியவை கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் தொட்ட உடனே திரையில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் பெரிதாக வரும்படி செய்வது படிவம் தயாரிக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டோம் என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ஏமாற்றித்தான் நடத்த வேண்டும் என்கிற ஆய்வும் வரும். வழிகாட்டுதல்கள் அதை முழுக்கத் தடுக்கவில்லை. பிறகு உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. அந்த உண்மையை எந்தச் சொற்களில், யார், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார்கள் என்று எழுதிவரச் சொல்லுங்கள். பள்ளிக் குழந்தைகள் என்றால் 7 வயதுக்கு மேல் பெற்றோர் கையெழுத்தோடு குழந்தையின் இசைவும் வேண்டும். தலைமையாசிரியர் அனுமதித்துவிட்டார் என்ற கடிதம் அதற்கு ஈடாகாது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

இன்னொரு வேலை பாக்கி. ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் அந்தக் கோப்பு திரும்ப உங்கள் மேசைக்கு வருவதில்லை. குழு, தான் அனுமதித்த ஆய்வுகளைத் தொடர்ந்து கண்காணிக்கவும் நிறைவு அறிக்கையைக் கேட்டு வாங்கவும் கடமைப்பட்டது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் மின்னஞ்சலில் வரும்போது, சென்ற ஆண்டு அனுமதித்த உளவியல் ஆய்வுகளின் நிறைவு அறிக்கைகளையும் சேர்க்கும்படி உறுப்பினர் செயலருக்கு ஒரு பதில் போடுங்கள். எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், ஏன், அவர்களை யார் தொடர்புகொண்டார்கள் என்ற மூன்று விவரங்கள் அதில் இல்லையென்றால் அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம். அதற்கான அதிகாரம் குழுவுக்கு இருக்கிறது, குழுவில் நீங்களும் ஒருவர்.